பாத்தீங்களா, நெனச்சீங்களா

அவரை நாங்கள் லேப் மேடம் என்றுதான் கூப்பிட்டோம். பேர் தெரியாமல் இல்லை. மேஜைமேல் இருந்த ரப்பர் ஸ்டாம்பில் அவர் பேர் இருந்தது. அதை இங்கே எழுத எனக்குத் துணிச்சல் வரவில்லை. எழுதினால் யாராவது போய் அவரிடம் கேட்பார்களோ, நான் சொன்னதில் ஏதாவது தப்பு இருக்குமோ என்று இப்போதே மனசு அடித்துக்கொள்கிறது. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எழுத்து என்றாலே ஒரு நடுக்கம்.

எனக்கு எல்லாவற்றுக்கும் நடுக்கம்தான். வீட்டைப் பூட்டிவிட்டு வந்தால் பூட்டினேனா என்று வரும். பஸ்ஸில் ஏறினால் இது நம் பஸ்தானா என்று வரும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, மங்கலம் ரோட்டில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் மேஜையில் பதினொரு வருஷம் நின்றேன். துணியில் ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. மற்றவர்கள் ஒரு பீஸை ஒரு தடவை பார்த்துத் தள்ளுவார்கள். நான் மூன்று தடவை பார்ப்பேன். "அக்கா மேஜையில பனியன் முட்டை பொரிக்குது" என்று சூப்பர்வைசர் கேலி பேசுவான்.

அந்தக் கேலியைக் கேட்டுக்கொண்டு ஒரு நாள் மேடம் என் மேஜைக்கு எதிரே நின்றிருந்தார். என்னைப் பற்றி விசாரித்துவிட்டு முதலாளியிடம் போய், மூன்று தடவை பார்க்கிறவர்தான் தனக்கு வேண்டும் என்று கேட்டாராம். மறுநாளிலிருந்து நான் பின்பக்க ஷெட்டுக்குப் போனேன்.

பின்பக்க ஷெட்டில் அப்போது முதலாளி ஒரு புது மெஷின் இறக்கியிருந்தார். அதில் பின்னியது பனியன் துணி இல்லை, வலை. கொசுவலையைவிடக் கெட்டியாக, கட்டம் பெரிதாக, கறுப்புப் பூச்சுப் பூசி வரும். ரோடு போடும்போது பழைய தாருக்கும் புதுத் தாருக்கும் நடுவில் அதை விரிப்பார்கள். கீழே இருக்கிற வெடிப்பு மேலே ஏறாமல் அது பிடித்துக்கொள்ளும். வடக்கே பனி விழுகிற மலை ரோடுகளுக்கு அந்த வலையைக் கேட்டிருந்தார்கள். அங்கே வெயில் காலம் கொஞ்ச நாள்தான். அதற்குள் ரோடு போட்டாக வேண்டும். அதனால் அதற்கு முன்பே வலை குளிர் தாங்கும் என்று சோதித்து, கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். கையெழுத்துப் போடத்தான் மேடம் வந்தார்.

பொங்கலூர்ப் பக்கம் சொந்தத் தோட்டத்தில் விவசாயம் செய்கிறவர் வீட்டுப் பெண். என்னைவிடப் பத்து வயது சின்னவர். மலைமேல் ரோடு வேலை நடக்கிற இடத்தில் தாரையும் ஜல்லியையும் சோதிக்கிற வேலையில் நாலு வருஷம் இருந்துவிட்டு வந்தவர். சித்திரை வெயிலிலும் காலில் சாக்ஸ் போட்டிருப்பார். டீயை ஆற விடமாட்டார், டம்ளரை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக் கொதிக்கக் கொதிக்கக் குடிப்பார். நகக்கண்ணில் எப்போதும் தார். அதை மண்ணெண்ணெய் போட்டுத் துடைப்பதால் அவர் பக்கத்தில் போனாலே அந்த வாசம் வரும்.

அவரிடம் யார் எதைச் சொன்னாலும் திருப்பி ஒன்றுதான் கேட்பார். "பாத்தீங்களா, நெனச்சீங்களா?"

அதட்டலாகக் கேட்கமாட்டார். மணி என்ன என்று கேட்பதுபோலத்தான் இருக்கும். ஆனால் கேட்ட பிறகு நம் வாயில் இருந்தது பாதியாகக் குறைந்துவிடும்.

தாராபுரத்தில் நல்ல மழையாம் என்று முதலாளி வந்து சொல்வார். மேடம் கேட்பார். "இல்லீங்க, மச்சான் போன்ல சொன்னாப்ல" என்று அவர் இழுப்பார். மேடத்துக்கு ஒரு வரன் வந்திருப்பதாகவும், பையன் தங்கமான குணம் என்றும் அவருடைய அம்மா போனில் சொல்லிக்கொண்டிருந்தபோதும் இதையேதான் கேட்டார். அந்தப் பக்கம் அம்மா போட்ட சத்தம் எனக்கே கேட்டது. மேடம் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, கோபமே இல்லாமல், ஜல்லியைச் சலித்துக்கொண்டிருந்தார்.

ஒரு தடவை கேன்டீனில் ஒரு பெண்ணின் கால் கொலுசு காணாமல் போனது. வலை மெஷின் ஓட்டுகிற பீகார்க்காரர்மேல் பேச்சு திரும்பியது. அவர் அந்தப் பக்கம் போனதாக நாலு பேர் சொன்னார்கள். மேடம் சாப்பாட்டுத் தட்டோடு எழுந்துபோய் நாலு பேரையும் தனித்தனியாக அதே கேள்வியைக் கேட்டார். மூன்று பேர் அடுத்தவர் சொன்னதைச் சொன்னவர்கள். நாலாவது ஆள் பார்த்தது வேறொரு நாள். பேச்சு அதோடு அடங்கிவிட்டது. கொலுசு என்ன ஆனது என்று கடைசிவரை தெரியவில்லை. அந்த பீகார்க்காரர் அன்றிலிருந்து மேடம் உள்ளே வந்தால் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து நிற்பார்.

என்னிடமும் கேட்டிருக்கிறார். ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும், எனக்குக் கை ஓடவில்லை. அடுப்பை அணைத்தேனா என்ற நினைப்பு வந்துவிட்டது. என்ன என்று கேட்டார், சொன்னேன்.

"அடுப்பு எரியறதப் பாத்தீங்களா, நெனச்சீங்களா?"

"நெனக்கேன் மேடம். நெனப்புதான் நிக்க மாட்டேங்கு."

"அப்ப வாங்க்கா, போய்ப் பாத்துட்டு வந்தர்லாம்."

தன் ஸ்கூட்டியில் என்னைப் பின்னால் உட்கார வைத்து, என் லைன் வீடு வரைக்கும் ஓட்டிக்கொண்டு வந்தார். அடுப்பு அணைந்துதான் இருந்தது. அவர் சிரிக்கவில்லை. பர்னரைத் தொட்டுப் பார்த்து, "ஆறியிருக்குதுங்க" என்றார். என் பயத்தைக் கேலி செய்யாமல் அதற்கு மதிப்புக் கொடுத்து வந்து பார்த்த மனுஷி, எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான்.

மலையில் ஏதோ நடந்திருக்க வேண்டும் என்று எங்களுக்குள் பேசிக்கொள்வோம். பார்க்காமல் கையெழுத்துப் போட்டு, ரோடு இறங்கி, வண்டி கவிழ்ந்து, யாரோ செத்திருப்பார்கள், அந்த உறுத்தலில்தான் இப்படிக் கேட்கிறார் என்று ஒரு கதையே உண்டாகிவிட்டது. தாங்க முடியாமல் ஒரு நாள் நான் கேட்டே விட்டேன். அவர் ஆச்சரியமாகப் பார்த்தார். "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க்கா. எழுதறதுன்னா பாத்தத எழுதறதுதானுங்களே" என்றார். அவ்வளவுதான்.

சோதனை இப்படி. செங்கல் அளவுக்குத் தாரும் ஜல்லியும் கலந்து கட்டி வார்ப்போம். நடுவில் வலை இருக்கும். கட்டியைத் தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் குளிர்ப்பெட்டிக்குள் வைப்போம். பகல் முழுக்க உறைய வேண்டும். சாயங்காலம் எடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் போட்டால் விடியும்வரை இளகும். மறுபடி பெட்டி. இப்படி இருபது சுற்று. அதற்குப் பிறகு அதை அழுத்தி ஒடித்துப் பார்க்க வேண்டும்.

பெட்டி என்பது பழைய ஐஸ்கிரீம் பெட்டிதான். மேலே மூடி, பக்கவாட்டில் பாதி உரிந்த குச்சி ஐஸ் படம். வாய்வரை தண்ணீர் நிரப்பிய ஒரு கண்ணாடி பாட்டிலை முதல் நாள் அதற்குள் வைத்து எனக்குக் காட்டினார். சாயங்காலம் எடுத்தபோது பாட்டில் விரிந்து பிளந்திருந்தது. நம் ஊரில் ரோட்டுக்கு எதிரி வெயில், தார் உருகிச் செருப்பில் ஒட்டும். அங்கே எதிரி தண்ணீர். வெடிப்புக்குள் இறங்கி, உறைந்து, வீங்கி, ரோட்டை உள்ளிருந்தே பிளக்கும். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக. இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் இறங்கும்.

என் வேலை பெட்டிக்குப் பக்கத்தில் இருப்பது. வெளியே ஒரு முள் இருந்தது, குளிர் எவ்வளவு என்று காட்டும். மணிக்கு ஒரு தடவை அதைப் பார்த்து நோட்டில் குறிக்க வேண்டும். எண்களை எழுத ஏழாம் வகுப்புப் படிப்பு போதும்.

முள்ளைப் பார்த்து எழுதினேன். எழுதிய பிறகு அவர் கேள்வி காதுக்குள் கேட்கும். முள் சொல்கிறது, சரி. உள்ளே உறைந்திருக்கிறதா? பார்த்தேனா, நினைத்தேனா? நாளைக்கு அவர் கேட்டால் முள்மேல் பழி போட முடியுமா? அதனால் மூடியைத் தூக்கினேன். கட்டிகள்மேல் வெள்ளை படிந்திருந்தது. விரலால் தொட்டேன். சில்லென்று இருந்தது. அடியில் இருப்பதும் அப்படித்தானா என்று ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்த்து வைத்தேன். மனசு அமைதியானது. அடுத்த மணிக்கு அமைதி போய்விட்டது. மறுபடி தூக்கினேன். இருபது நாளும் இப்படித்தான். ஒரு நாளில் ஏழெட்டுத் தடவை. மேடம் அந்த நேரத்தில் முன்கட்டில் வேறு கட்டிகள் வார்த்துக்கொண்டிருப்பார்.

இருபது நாள் கழித்து ஒடித்துப் பார்த்தோம். கட்டிகள் அப்படித் தாங்கின. மெஷின் முனகியது, வலை விடவில்லை. முதலாளி ஒரு டப்பா பால்கோவாவோடு வந்து நின்றார். அந்தப் பக்கம் பன்னிரண்டு பேர் வலை வேலையை நம்பி இருந்தார்கள். பீகார்க்காரர் ஊரில் இருக்கிற மனைவி இங்கே வர டிக்கெட் எடுத்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மேடம் கையெழுத்துப் போடும் தாளை எடுத்தார். பேனாவைத் திறந்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இருபது நாளும் பொட்டி நல்லா ஓடுச்சுங்களாக்கா? பாத்தீங்களா, நெனச்சீங்களா?"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தேன் மேடம். முள்ள நம்பல. மணிக்கு ஒருக்கா தொறந்து, ஒவ்வொண்ணாத் தொட்டு, புரட்டிப் பாத்தேன். ஒரு நாள்கூட விடல."

பேனா நின்றுவிட்டது. எத்தனை தடவை, எவ்வளவு நேரம் என்று மெதுவாகக் கேட்டார். சொல்லச் சொல்லத்தான் எனக்கே புரிந்தது. வெயில் காலத்தில், பழைய பெட்டியை மணிக்கொரு தடவை திறந்து வைத்தால், மேலே வெள்ளை படிந்திருக்கும், கட்டிக்கு உள்ளே உறைந்தே இருக்காது. உறையாத கட்டி ஏன் ஒடியப்போகிறது?

"ஏனுங் மேடம்," என்றார் முதலாளி, "மூடி தொறந்ததுல என்னுங்க ஆயிருது. நோட்டுல முள்ளு சரியாத்தானுங்களே இருக்குது. ஒரு கையெழுத்து."

"இல்லீங்ணா."

மேடம் தாளின் கீழே ஆங்கிலத்தில் எழுத ஆரம்பித்தார். நடுவில் என் பேர் தெரிந்தது. ஆங்கிலத்தில் எனக்குப் படிக்கத் தெரிந்த ஒரே வார்த்தை அதுதான். நான் போய் அவர் மேஜையைப் பிடித்துக்கொண்டேன். என் பேரை மட்டும் எழுதாதீர்கள் என்று கெஞ்சினேன். எல்லாரும் பார்க்க அழுதேன்.

அவர் நிறுத்தவில்லை. எழுதி முடித்துவிட்டு, எனக்குத் தமிழில் படித்துக் காட்டினார். பெட்டியின் மூடி தினமும் ஏழெட்டு முறை திறக்கப்பட்டது. திறந்தவர் இன்னார். அதைச் சொன்னவரும் அவரே. எதைப் பார்க்க வேண்டும் என்று அவரிடம் சொன்ன, இதில் கையெழுத்திடும் நான், எப்படிப் பார்க்க வேண்டும் என்று சொல்லவில்லை. இந்த முடிவு செல்லாது.

"தொறந்ததுக்கு ஒருக்கா உங்க பேரு வருதுங்க்கா," என்றார். "சொன்னதுக்கு ஒருக்கா வருது. ஒண்ண எடுத்தா இன்னொண்ணும் போயிருமுங்க."

அன்றைக்கு எனக்கு அது ஆறுதலாக இல்லை. ஈரமே இல்லாதவர் என்றுதான் தோன்றியது. அடுப்பைப் பார்க்க என்னோடு வந்தவரும் இவரும் ஒரே ஆள்தானா என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் யோசித்தேன்.

முதலாளி என்னை நிறுத்திவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என்னிடம் பேசவே இல்லை. வலை கேட்டிருந்த வடக்கே யார் யாருக்கோ போன் போட்டு இன்னும் ஒரு மாதம் கேட்டு வாங்கினார். இந்தத் தடவை சரிவராவிட்டால் வலை ஷெட்டை மூடுவது தவிர வழியில்லை என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

மறுபடி கட்டி வார்த்தோம். மேடம் ஒரு கட்டியின் நடுவில் மெல்லிய வயர் ஒன்றைப் புதைத்து, அதை மூடியின் ரப்பர் இடுக்கு வழியாக வெளியே கொண்டுவந்து, ஒரு சின்ன மீட்டரில் மாட்டினார். கட்டியின் வயிற்றுக்குள் இருக்கிற குளிர் வெளியே எண்ணாகத் தெரிந்தது. பெட்டியைக் காவல் காக்க வேறு ஆள் போடச் சொன்னார்கள். அவர் என்னையே உட்காரச் சொன்னார். நான் இரண்டு கையையும் முந்தானைக்குள் சுற்றிக்கொண்டு அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு இருந்தேன். மூடியைத் தொடவில்லை.

பதினாலாவது சுற்று முடிந்த காலையில் மேடம் இல்லை. ஒடிக்கிற மெஷினில் ஏதோ பழுது, அதற்கு ஆளைக் கூட்டிவரக் கோயம்புத்தூர் போயிருந்தார். நான் தொட்டியிலிருந்து கட்டிகளை எடுத்துத் துடைத்து வரிசையாக அடுக்கினேன். மூன்றாவது கட்டியின் பக்கவாட்டில், வலை இருக்கிற மட்டத்தில், முடி மாதிரி ஒரு கோடு. முதலாளியும் வந்து குனிந்து பார்த்தார்.

"தண்ணி காஞ்ச தடமா இருக்குமுங்கம்மா," என்றார். கெஞ்சுகிற மாதிரி இருந்தது. அவர் என்னை ‘ங்க’ போட்டுப் பேசி இரண்டு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

எனக்கும் அது தண்ணீர்த் தடமாக இருக்க வேண்டும் என்றுதான் ஆசை. மின்விசிறிக்குக் கீழே வைத்து ஈரம் போகக் காயவிட்டேன். பிறகு செக்கிங் மேஜைக்குப் போய்த் தையல் சாக்பீஸ் ஒன்றை எடுத்துவந்தேன். கறுப்புத் துணியில் ஊசி ஓட்டை கண்ணுக்குத் தெரியாவிட்டால் நாங்கள் செய்கிற வேலை. சாக்பீஸைப் பொடித்துத் தேய்த்து, வறண்ட துணியால் துடைத்துவிட்டால், மேலே இருப்பது போய்விடும், ஓட்டைக்குள் இறங்கியது வெள்ளையாக நிற்கும். தேய்த்தேன். துடைத்தேன். கறுப்புக் கட்டியில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வெள்ளைக் கோடு நின்றது. மறுபடி துடைத்தேன். மூன்றாவது தடவையும் துடைத்தேன்.

பூச்சு வலையை விட்டுவிட்டது. தண்ணீர் உள்ளே போயிருக்கிறது.

மேடத்துக்குப் போன் போட்டேன். முதலாளி பக்கத்திலேயே நின்றார். மெஷின் சத்தம் நின்றிருந்தது. பீகார்க்காரர் வாசலில் வந்து நிற்கிறார் என்பது திரும்பாமலே தெரிந்தது. கோடு விழுந்திருக்கிறது என்று சொன்னேன். அந்தப் பக்கம் பஸ் ஸ்டாண்ட் இரைச்சல்.

"பாத்தீங்களாக்கா, நெனச்சீங்களா?"

வாழ்க்கையில் எதைப் பற்றியும் நான் உறுதியாகச் சொன்னதில்லை. பூட்டியதைப் பற்றி, அடுப்பைப் பற்றி, பெற்ற மகளுக்குப் பார்த்த மாப்பிள்ளையைப் பற்றி, எதைப் பற்றியும்.

"பாத்தேன் மேடம்," என்றேன்.

சாயங்காலம் அவர் நேராக ஷெட்டுக்கு வந்தார். கட்டி மேஜைமேல் இருந்தது. அதன் பக்கம் அவர் திரும்பவில்லை. முதலில் நோட்டை எடுத்தார். பதினாலாவது சுற்று, மூன்றாவது கட்டி, வெடிப்பு என்று எழுதி, பார்த்தவர் என்ற இடத்தில் என் பேரை எழுதினார். கீழே தன் கையெழுத்தைப் போட்டார். பேனாவை மூடிச் சட்டைப்பையில் சொருகிய பிறகுதான் கட்டியைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். தான் பார்க்காத ஒன்றை அவர் எழுதி நான் கண்டது அந்த ஒரு தடவைதான்.

வலை ஷெட்டை அந்த மாதமே மூடினார்கள். மெஷின்மேல் தார்ப்பாய் போட்டார்கள். மேடம் மறுபடி வடக்கே போய்விட்டதாகக் கேள்வி. சொன்னவர்கள் பார்த்தார்களா, நினைத்தார்களா, தெரியாது. நான் செக்கிங் மேஜைக்குத் திரும்பிவிட்டேன்.

பீகார்க்காரர் கணக்கை முடித்துக்கொண்டு போகிற அன்று என் மேஜைக்கு வந்தார். மனைவிக்கு எடுத்த டிக்கெட்டை ரத்து செய்துவிட்டதாகச் சொன்னார். கோபமாக இல்லை. தெரிந்த கொஞ்சம் தமிழில், "அக்கா, நீ ஏன் பாத்தது?" என்று கேட்டார்.

எத்தனையோ ராத்திரி அந்தக் கேள்வி வந்து என்னை எழுப்பியிருக்கிறது. எழுந்தால் வழக்கம்போலக் கதவைப் பார்ப்பேன், அடுப்பைப் பார்ப்பேன். பூட்டினேனா, அணைத்தேனா என்று எல்லாவற்றிலும் சந்தேகம் வரும். அந்த வெள்ளைக் கோட்டின்மேல் மட்டும் இன்றுவரை வந்ததில்லை.